ருவாண்டாவில் தன்னார்வலர் வாழ்க்கை: வேலை முடிந்த பிறகு என்ன செய்வது?

திருச்சியைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ருவாண்டாவின் தெற்கில், ஹூயே நகருக்குப் பக்கத்தில், ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு தன்னார்வலராகப் பணியாற்றப் போகிறேன். வேலையைப் பற்றி நிறுவனம் எல்லாம் விளக்கிவிட்டது. வேலை முடிந்த பிறகு பொழுது எப்படிப் போகும், யாரோடு பழகுவேன் என்பதை யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் வாலிபால் ஆடியவள் நான். அங்கே விளையாட முடியுமா? விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக்கொண்டு போகட்டுமா? அம்மாவுக்குப் பாதுகாப்பைப் பற்றிக் கவலை."

நான் அதே தெற்கு மாகாணத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி தரும் தன்னார்வலராக இருந்தவள். அந்த நாட்டில் பள்ளிப் பாடமொழி 2009 வாக்கில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அங்கே வேலை வந்ததற்கு அதுதான் காரணம். உங்கள் மூத்த சக ஆசிரியர்கள் பலர் பிரெஞ்சில் சரளமாகப் பேசுவார்கள், ஆங்கிலத்தில் தயங்குவார்கள். இது வேலைக்கான தகவல் போலத் தோன்றும். ஆனால் மாலையில் உங்களோடு யார் பேச வருவார்கள், யார் ஒதுங்கிப் போவார்கள் என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. வகுப்பறையில் உங்கள் ஆங்கிலத்தின் முன் கூசி நிற்பவர், பந்து கையில் இருக்கும்போது கூசமாட்டார்.

வாலிபால் ஆடியவர் என்பதால் உங்கள் பாதிக் கவலை இப்போதே தீர்ந்தது. நாடு முழுவதும் பைத்தியமாக இருப்பது கால்பந்தில்தான். ஆனால் ஹூயேவுக்கு வாலிபாலில் ஒரு பழைய பெருமை உண்டு. பூட்டாரே என்று முன்பு பெயர் பெற்றிருந்த அந்த ஊர் நாட்டின் கல்வி நகரம். 1929இல் தொடங்கிய குரூப் ஸ்கோலேர் பள்ளியும், கருபண்டாவில் உள்ள கத்தோலிக்க இளங்குருமடப் பள்ளியும் தலைமுறை தலைமுறையாக வாலிபால்காரர்களை வளர்த்து அனுப்பியவை. கருபண்டா பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்த ருட்சிந்துரா, 1994இல் டுட்சி இனத்தவரைக் குறிவைத்து நடந்த இனப்படுகொலையில் கொல்லப்பட்டார். அவர் பெயரில் அங்கே ஒரு வாலிபால் போட்டி நடக்கிறது. நாட்டின் பெரிய கிளப் அணிகளும் பள்ளி அணிகளும் பழைய மாணவர்களும் ஒரே வார இறுதியில் ஊருக்குள் இறங்குவார்கள். நீங்கள் இருக்கும் காலத்தில் அது நடந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அந்த ஊரின் சொந்தக்காரர்கள் யார் யார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

உட்கார்ந்து ஆடும் வாலிபாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. போரிலும் கண்ணிவெடியிலும் கைகால் இழந்தவர்கள் நிறைய உள்ள நாடு அது. ருவாண்டாவின் ஆண்கள் அணி 2012 லண்டன் பாராலிம்பிக்கிலும் பெண்கள் அணி 2016 ரியோவிலும் ஆடின. அந்த ஆண்கள் அணியில், 1994 வரை எதிரெதிர்ப் படைகளில் நின்று போரிட்டவர்கள் வலையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார்கள். மாவட்ட அளவிலும் இந்த ஆட்டம் நடக்கிறது. பார்க்க வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். நமக்கு நின்றுகொண்டு ஆடியே பழக்கம். தரையைவிட்டு இடுப்பைத் தூக்காமல் பந்தை எடுத்துப் பாருங்கள், அது எவ்வளவு வேகமான ஆட்டம் என்று புரியும்.

சரி, எப்படிச் சேர்வது? பூமத்திய ரேகைக்கு இரண்டு பாகை தெற்கே இருக்கிறது ருவாண்டா. ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். நம் ஊரில் போலக் கோடைக்கால நீண்ட மாலை என்று ஒன்று இல்லை. வகுப்பு முடிந்ததற்கும் இருட்டுவதற்கும் நடுவே கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஊரின் விளையாட்டு நேரம். அரசு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைப் பிற்பகலை விளையாட்டுக்கென்று விடும் வழக்கமும் உண்டு. ஆசிரியர்கள் ஆடுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். முதல் வாரம் களத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுங்கள். இரண்டாவது வாரம் யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் விளையாட்டு ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள், தப்பில்லை.

பெண் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ருவாண்டா நாடாளுமன்றத்தின் கீழவையில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதைப் படித்திருப்பீர்கள். அதை நம்பிக்கொண்டு ஆசிரியர் அணியில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். முப்பது வயதைத் தாண்டிய ஆசிரியைகளுக்கு நம் ஊரைப் போலவே மாலையில் வீடும் அடுப்பும் குழந்தையும் காத்திருக்கும். ஆசிரியர் ஆட்டத்தில் பல நாள் நீங்கள் ஒருத்தியாகவே நிற்க நேரும். அதில் சங்கடம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்தது வேறு வழி: பயிற்சிக் கல்லூரி மாணவிகளின் அணியோடு பயிற்சி செய்வது. அவர்கள் நாளைய தொடக்கப் பள்ளி ஆசிரியைகள். வகுப்பில் "யெஸ், டீச்சர்" என்பதைத் தாண்டாத பெண், பந்தைத் தவறவிட்ட உங்களைப் பார்த்துச் சிரித்த மறுநாள் கை தூக்கிக் கேள்வி கேட்பாள். உடையைப் பற்றி: கிராமப்புறத்தில் முழங்காலுக்கு மேலே ஏறும் அரைக்கால் சட்டை பெண்களுக்கு வழக்கமில்லை. டிராக் பேண்ட் போதும்.

இனி, பலரும் உங்களுக்குச் சொல்லப்போகும் ஆலோசனைக்கு வருகிறேன்: "முதலில் மற்ற வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் கூட்டத்தில் சேர்ந்துகொள், அப்புறம் மெதுவாக ஊர்க்காரர்களோடு பழகலாம்." நான் இதை ஏற்பதில்லை. தன்னார்வலர் கூட்டம் மோசமானது என்பதால் அல்ல. 1958இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ., 1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கி இன்று ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டம், ஜப்பானின் ஜைக்கா, அமெரிக்காவின் பீஸ் கோர் என்று பல வழிகளில் ஆட்கள் வருகிறார்கள். கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் நாட்டுத் தன்னார்வலர்களோடு எனக்கு ஏற்பட்ட நட்பு இன்றும் தொடர்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்தக் கூட்டம் மிகச் சுலபமானது. எல்லோரும் புதியவர்கள், எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், ஒரே மாதிரிப் புகார்கள். முதல் மாதத்தில் அதில் விழுந்தால் வார இறுதி தோறும் தலைநகர் கிகாலிக்கு பஸ் ஏறும் பழக்கம் வந்துவிடும். ஊரில் உங்களை யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள், ஏனென்றால் சனி ஞாயிறு நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பணக் கணக்கும் இருக்கிறது. ஹூயேவிலிருந்து கிகாலி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மலைச்சாலை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பெரிய செலவில்லை. ஆனால் அங்கே இறங்கியபின் ஓர் இரவுத் தங்கல், இரண்டு வேளை உணவகச் சாப்பாடு, மோட்டோ என்ற மோட்டார் சைக்கிள் டாக்சியில் நாலைந்து சவாரி என்று போனால், தன்னார்வலர் படி மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். அந்த உணவகங்களில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் தூதரகத்திலோ பெரிய உதவி நிறுவனத்திலோ சம்பளம் வாங்குபவராக இருப்பார். அவருக்கு ஈடாகச் செலவழிக்கத் தொடங்கினால் உங்கள் கதை அவ்வளவுதான். மாதம் ஒரு முறை என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு முறையை நன்றாகச் செலவிடக் கிகாலியில் வழிகள் உண்டு. முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலையில் சில முக்கியச் சாலைகளில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். 2016இல் மாதம் ஒரு முறையாகத் தொடங்கி, பிறகு இரண்டு முறையானது. ஓடுபவர், நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், குழந்தை வண்டி தள்ளுபவர் எல்லோரும் நடுச்சாலையில் இருப்பார்கள். கட்டணம் இல்லை, யாரும் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஹாஷ் ஓட்டம் என்ற ஒன்றைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். 1938இல் கோலாலம்பூரில் பிரிட்டிஷ்காரர்கள் சிலர் தொடங்கிய வழக்கம், இன்று உலகத்தில் வெளிநாட்டவர் கூடும் ஊரெல்லாம் இருக்கிறது, கிகாலியிலும் உண்டு. ஒருவர் முன்னதாகப் போய் மாவையோ காகிதத் துண்டையோ போட்டு வழி குறித்துவிடுவார், நடுநடுவே பொய்த்தடமும் வைப்பார். வேகமாக ஓடுபவர்கள் பொய்த்தடத்தில் போய்த் திரும்பி வருவதற்குள் மெதுவாக வருபவர்கள் எட்டிப்பிடித்துவிடுவார்கள். ஓடத் தெரியாதவருக்கும் ஏற்ற ஏற்பாடு. முடிவில் வட்டமாக நின்று பீர், பாட்டு, கேலி. குடிக்காதவரைக் கட்டாயப்படுத்தமாட்டார்கள், ஆனால் அந்தக் கேலிப்பாட்டுகள் உங்களுக்கு ரசிக்குமா என்பது சந்தேகம். எனக்கு ஓட்டம் பிடித்தது, வட்டம் பிடிக்கவில்லை.

கிரிக்கெட் பார்க்க ஆசை வந்தால் கிகாலிக்குத் தெற்கே கஹங்கா மைதானம் இருக்கிறது. 2017இல் திறந்தார்கள். உள்ளூர் மண்ணில் செய்த ஓடுகளை அடுக்கிக் கட்டிய மூன்று வளைகூரைகள், பந்து தரையில் குதித்துக் குதித்துப் போவது போல வரிசையாக நிற்கும். அதற்கு நிதி திரட்டுவதற்காக 2016இல் தேசிய அணித் தலைவர் எரிக் துசிங்கிசிமானா வலைப்பயிற்சியில் 51 மணி நேரம் தொடர்ந்து மட்டை பிடித்து கின்னஸ் சாதனை செய்தார். அதற்கு முன்பு அவர்கள் ஆடிய இடம் கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் மைதானம். 1994 ஏப்ரலில் ஐ.நா.வின் பெல்ஜியப் படையினரை நம்பி இரண்டாயிரம் பேருக்கு மேல் அடைக்கலம் புகுந்திருந்த பள்ளி அது. 11ஆம் தேதி படையினர் வெளியேறினார்கள், உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். கிரிக்கெட் அந்த நாட்டுக்குள் பரவியதே 1994க்குப் பிறகுதான். உகாண்டாவிலும் கென்யாவிலும் அகதிகளாக வளர்ந்தவர்கள் திரும்பி வரும்போது ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 2023இல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையில் ருவாண்டாப் பெண்கள் ஜிம்பாப்வேயையும் மேற்கிந்தியத் தீவுகளையும் வென்றார்கள். ஜிம்பாப்வேக்கு எதிராக ஹென்ரியெட் இஷிம்வே அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். இந்தியர் என்று தெரிந்ததும் எல்லோரும் உங்களிடம் கிரிக்கெட் பேச வருவார்கள் என்று நினைக்காதீர்கள். ஹூயே பக்கம் பெரும்பாலும் கால்பந்துதான் பேச்சு. முக்குரா, ஹூயேவின் சொந்த அணி. ரேயான் ஸ்போர்ட்ஸ், வடக்கே பக்கத்திலுள்ள நியான்சாவில் பிறந்து நாடு முழுவதும் ரசிகர் கொண்ட அணி. ஏ.பி.ஆர்., ராணுவத்தின் அணி. "நீங்கள் எந்த அணி?" என்று கேட்டால் முக்குரா என்று சொல்லிவிடுங்கள். ஊர் அணியைச் சொன்ன வெளியூர்க்காரியை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

சைக்கிள் பந்தயத்தையும் பாருங்கள். பிப்ரவரி வாக்கில் நடக்கும் டூர் டு ருவாண்டா பல ஆண்டுகளில் ஹூயேவுக்கும் வந்திருக்கிறது. வீரர்கள் கடந்து போக ஆகும் நேரம் என்னவோ சில நிமிடம். அதற்காகப் பள்ளிக்கூடமே சாலையோரம் வந்து மணிக்கணக்கில் நிற்கும். 2025 செப்டம்பரில் உலகச் சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்காவில் அது நடந்தது அதுவே முதல் முறை. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய சைக்கிளை மலைமேல் தள்ளிக்கொண்டு போகிற ஆள் அந்தச் சாலையில் தினமும் இருக்கிறார் என்பதை நினைத்தால், அந்த ஊர்ச் சனம் ஏற்றத்தில் மிதிப்பவனுக்கு ஏன் அப்படிக் கை தட்டுகிறது என்பது விளங்கும்.

விளையாட்டைவிட்டுப் பழக்கவழக்கத்துக்கு வருவோம். வணக்கம் சொல்வதில் கஞ்சத்தனம் கூடாது. காலையில் "ம்வாராமுட்சே", பிற்பகலில் "ம்விரிவே", நாள் கழித்துப் பார்ப்பவரிடம் "முராஹோ". கை குலுக்கும்போது இடது கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொண்டால் மரியாதை. தெருவில் தின்றுகொண்டே நடப்பது நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. வாழைப்பழத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள். குழந்தைகள் உங்களை "உமுஹிந்தி" என்று கூவுவார்கள். வெள்ளைக்காரருக்கு உமுசுங்கு, நமக்கு உமுஹிந்தி. மூன்றாம் மாதம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள், கூவுவது மட்டும் நிற்காது.

அழைத்தவர்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. "வாருங்கள், ஏதாவது குடிக்கலாம்" என்று நீங்கள் சொன்னால் எல்லோருக்கும் நீங்களே கொடுக்க வேண்டும். பெரிய புட்டியில் வரும் பிரிமுஸ் பீரும் கம்பியில் குத்திச் சுட்ட ஆட்டிறைச்சியும் ஆண்களின் மாலைச் சந்திப்புக்கு அடையாளம். குடிக்காதவர்களுக்கு ஃபாண்டா, எந்தக் குளிர்பானமானாலும் பெயர் ஃபாண்டாதான். இவை இரண்டும் வேண்டாம் என்பவருக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்வது பால்கடை. காய்ச்சிய பாலும், இகிவுகுட்டோ என்ற புளித்த பாலும் பெரிய குவளையில் தருவார்கள், கூடவே சப்பாத்தியோ போண்டா மாதிரியான ஒரு பலகாரமோ கிடைக்கும். ஆணும் பெண்ணும் வயதானவரும் தயங்காமல் வந்து உட்காரும் இடம். பெண்ணொருத்தி தனியாகப் போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல கெட்டி மோர் இல்லாமல் நாள் முடியாத குடும்பத்திலிருந்து போகிறவர் என்றால் உங்களுக்கு அங்கே பாதி ஊர் கிடைத்த மாதிரி. சைவம் என்றால் பட்டினி கிடக்கமாட்டீர்கள்: பீன்ஸ், வாழைக்காய், மரவள்ளி இலையை இடித்துச் சமைக்கும் இசோம்பே. ஒன்று, இசோம்பேயில் சில இடங்களில் இறைச்சியோ மீனோ சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காரத்துக்கு அகபங்கா என்ற மிளகாய் எண்ணெய். கண் மருந்துப் புட்டி போன்ற குப்பியில் வரும். ஊர்க்காரர்கள் இரண்டு சொட்டோடு நிறுத்துவார்கள். நீங்கள் ஊற்றுவதைப் பார்க்க மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை உமுகாண்டா. பதினெட்டிலிருந்து அறுபத்தைந்து வயது வரையுள்ள, உடல்நலமுள்ள குடிமக்கள் எல்லோரும் சேர்ந்து சாலை செப்பனிடுவது, வாய்க்கால் வெட்டுவது, மரம் நடுவது. கடைகள் மூடியிருக்கும், பஸ் ஓடாது. வெளிநாட்டவருக்குக் கட்டாயமில்லை என்பதால் தன்னார்வலர்களில் பாதிப் பேர் அன்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். நீங்கள் போங்கள். மண்வெட்டியை இரவல் கேட்பதிலேயே பக்கத்து வீட்டு அறிமுகம் கிடைத்துவிடும். வேலை முடிந்தபின் நடக்கும் ஊர்க்கூட்டம் முழுக்கக் கின்யாருவாண்டா மொழியில் இருக்கும், ஒன்றும் புரியாது. பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள்.

கல்யாணங்களுக்கு அழைப்பு வரும். அதற்கு முன்பே ஒரு பங்களிப்புப் பட்டியல் வரும். கல்யாணச் செலவைப் பகிர்ந்துகொள்ள நண்பர்களும் சக ஊழியர்களும் கூடிப் பேசி ஆளுக்கு இவ்வளவு என்று தருவது அங்கே வழக்கம். மொய் எழுதிப் பழகிய நமக்கு இது அதிர்ச்சி தரக்கூடாது. ஐரோப்பியத் தன்னார்வலர்கள்தான் இதைக் கண்டு திகைப்பார்கள். உங்கள் படிக்கு ஏற்ற தொகையை, சக ஆசிரியர் ஒருவரிடம் தனியாகக் கேட்டு, அதைக் கொடுங்கள். பெண் கேட்கும் சடங்கில் இரு வீட்டுப் பெரியவர்களும் மாடுகளைப் பற்றி வாய்ச்சவடால் அடித்துக்கொள்ளும் பகுதியைத் தவறவிடாதீர்கள். மொழி தெரியாமலே சிரிப்பு வரும்.

ஏப்ரல் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 7ஆம் தேதி க்விபுக்கா, 1994 இனப்படுகொலையின் நினைவுகாலம், தொடங்குகிறது. அந்த ஒரு வாரம் ஆட்டம், பாட்டு, விருந்து, கல்யாணம் எதுவும் இல்லை; லீக் போட்டிகளும் நிற்கும். பிறகும் ஜூலை தொடக்கம் வரை நினைவு நிகழ்வுகள் அங்கங்கே தொடரும். ஹூயேவில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 1994இல் பூட்டாரே மாகாண நிர்வாகி ஜான்-பாப்டிஸ்ட் ஹபியாலிமானா படுகொலையை எதிர்த்து நின்றதால் அந்தப் பகுதி முதல் சில நாள் தப்பியிருந்தது. ஏப்ரல் நடுவில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், பிறகு கொன்றார்கள். அதற்குப் பின்தான் அங்கே பெரும் கொலைகள் நடந்தன. அதனால் உங்கள் பகுதியில் பல குடும்பங்களுக்குத் துக்க நாள் ஏப்ரல் மாதக் கடைசியில் வரும். தினமும் பந்தடிக்க வருபவர் அந்த வாரம் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். யார் எந்த இனம் என்று எந்தக் காலத்திலும் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கல்லூரி நினைவு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். அந்த வாரத்தில் தன்னார்வலர் நண்பர்களோடு வீட்டில் பாட்டுப் போட்டுக் கொண்டாடுவதெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டாலும், கூடாது.

அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் இதோடு தொடர்புடையதுதான். பெண்கள் முரசைத் தொடக்கூடாது என்றிருந்த நாட்டில், ஓடில் காட்டேசே என்ற நாடகக் கலைஞர் 2004இல் இங்கோமா ந்ஷ்யா என்ற பெண்கள் முரசுக்குழுவை ஹூயேவில் தொடங்கினார். கணவனை இழந்தவர்களும், கொலைக் குற்றத்துக்குச் சிறை சென்றவர்களின் மனைவியரும் மகள்களும் அதில் ஒன்றாக அடித்தார்கள். அவர்களே 2010இல் ஐஸ்கிரீம் கடையும் திறந்தார்கள். இன்சோசி ந்சீசா என்று பெயர். முரசுப் பயிற்சியைப் பார்க்க அனுமதி கிடைத்தால் முதல் முறை சற்றுத் தள்ளியே உட்காருங்கள், காது அடைக்கும்.

மழைக்கால மாலைகள் இருக்கின்றனவே, மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையும். அப்போது களம் சேறாகும். அதற்கு இகிசோரோ. மரப்பலகையில் வரிசைக்கு எட்டாக நான்கு வரிசை, 32 குழி, 64 விதைகள். நம் பல்லாங்குழியின் சொந்தக்காரிதான், ஆனால் ஆளுக்கு இரண்டு வரிசை என்பதால் கணக்கு முற்றிலும் வேறு. பாட்டியிடம் பல்லாங்குழி கற்ற கை என்று நம்பி உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடுவார்கள். அங்கே பெரும்பாலும் ஆண்கள் ஆடுவது இது. கற்றுக்கொடு என்று கேட்ட பெண்ணை யாரும் விரட்டியதை நான் பார்த்ததில்லை.

சாமான் கேள்விக்கு என் பதில்: உங்களுக்கு மட்டும் வாங்குங்கள். நல்ல காலணி, முழங்கால் உறை, கணுக்கால் பட்டை. பந்தும் வலையும் கிகாலியில் கிடைக்கும். கல்லூரிக்கு ஏதாவது தரவேண்டும் என்று தோன்றினால் ஓராண்டு கழித்து, எது குறைகிறது என்று தெரிந்தபின் வாங்கிக் கொடுங்கள். பை நிறைய மட்டையும் பந்துமாகப் போய் இறங்கி, புதிதாக ஒரு கிளப் தொடங்கி, தன் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டுப் போன தன்னார்வலர்கள் உண்டு. அவர் விமானம் ஏறிய மாதமே அந்தக் கிளப்பும் முடியும். பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடக்கும் மட்டைகளை நான் பார்த்திருக்கிறேன், சாவி யாரிடம் என்றுகூடத் தெரியவில்லை. அங்கே ஏற்கெனவே நடக்கிற ஆட்டத்தில் ஓர் ஆளாகச் சேருங்கள். நீங்கள் போன பிறகும் அது நடக்கும். உமுரெங்கே ககாமே கோப்பை என்று வட்டார அளவில் தொடங்கி நாடு முழுவதும் நடக்கும் போட்டி இருக்கிறது. அதற்குத் தயாராகும் பெண்கள் அணிக்குப் பந்து பொறுக்கிப் போட ஒரு ஆள் கிடைத்தாலே பயிற்சியாளருக்குப் பெரிய உதவி.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம். ஹூயே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம், குன்னூரைவிடச் சற்றுத்தான் தாழ்வு. முதல் சில வாரம் இரண்டாம் செட்டிலேயே மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம். மலேரியா இருக்கிறது; நிறுவனம் தரும் மாத்திரையையும் கொசுவலையையும் அலட்சியப்படுத்தாதீர்கள். இன்னொன்று, மருத்துவக் காப்பீட்டில் விளையாட்டுக் காயம் அடங்குமா என்று புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போட்டியில் ஆடினால் செல்லாது என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும் பத்திரங்கள் உண்டு. முழங்கால் தசைநார் அறுந்தால் கிகாலிக்கோ நாட்டுக்கு வெளியேவோ போகவேண்டி வரும்.

தனிமை வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்து அது இரண்டாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வரும். ஊரே தேவாலயத்திலோ உறவினர் வீட்டிலோ இருக்கும், உங்களுக்குப் போக இடமிருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். எனக்கு அது துணி துவைத்துவிட்டுப் பால்கடைக்குப் போவதாக இருந்தது. நம் ஊர் அங்கிருந்து மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் விளையாடிவிட்டு ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும்போது திருச்சியில் ஒன்பதரை. அம்மா தூங்குவதற்குள் பேசிவிடலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கிகாலியிலுள்ள இந்தியக் கடையிலிருந்து பருப்பும் புளியும் வாங்கி வந்து, அணிப் பெண்களைக் கூப்பிட்டுச் சமைத்துப் போடுங்கள். காரத்தைப் பாதியாகக் குறைத்து, பிறகு அதிலும் பாதி குறையுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு: பெண் தனியாக நடமாட, நான் வாழ்ந்த நாடுகளில் ருவாண்டாதான் மிக நிம்மதியாக இருந்தது. தெருக்கள் சுத்தம், காவல் அதிகம், இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. அங்கே எனக்குப் பயம் தந்தது மனிதர்கள் அல்ல, மோட்டார் சைக்கிள் டாக்சிதான். மோட்டோ ஓட்டுநர் உங்களுக்கும் ஒரு தலைக்கவசம் தருவார். தாடைப்பட்டை இறுகப் பொருந்தாவிட்டால் அந்த வண்டியில் ஏறாதீர்கள், அடுத்தது உடனே வரும். மழையிலும் இருட்டிய பின்னும் மலைச்சாலையில் மோட்டோ வேண்டாம். ஆட்டம் முடியத் தாமதமானால் சக ஆசிரியர்களோடு நடந்தே வாருங்கள், எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள்.